புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்துச் சனி, ஞாயிறில் நடந்தது இது. இடம், விழுப்புரமும் திண்டிவனமும். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டு ஊர்களையும் தாண்டித்தான் போகிறோம். ஊர் பார்க்கவென்று அங்கே யார் இறங்குகிறோம்? நாங்கள் இறங்கினோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சென்னை – திருச்சி தடம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து "திண்டிவனம்லாம் எறங்கு, விழுப்புரம்லாம் எறங்கு" என்று கத்திக் கத்தியே தொண்டை தடித்துப்போனவர். அந்த ஊர்களில் அவருக்குத் தெரிந்தது இரண்டு பஸ் ஸ்டாண்டுகள் மட்டும்தான். எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், எந்தக் கடை வடையில் எண்ணெய் பழசு என்பதெல்லாம் அத்துப்படி. பஸ் ஸ்டாண்டு வாசலைத் தாண்டி ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாது. "ரிட்டையர் ஆனதும் ரெண்டு ஊரையும் நல்லா சுத்திப் பாக்கணும்மா, அங்க இன்னா நல்லா இருக்குதோ எல்லாத்தையும் சாப்பிடணும்" என்பார். சாப்பாட்டில் அவ்வளவு ருசி பார்க்கிற மனுஷன். ரசத்தில் பெருங்காயம் ஒரு கடுகளவு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமான புதிதில் அவருக்குச் சமைத்துப்போடப் பயந்து நான் அழுதிருக்கிறேன்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. வெற்றிலை பாக்குகூடப் போடாதவர். ஏன் வந்தது என்று கேட்டதற்கு டாக்டருக்கே பதில் தெரியவில்லை. கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷனைத்தான் அப்படிச் சொல்வோம். மூக்கு வழியாக டியூப் போட்டு, அதில்தான் கஞ்சி போனது. கட்டி கரைந்தது, டியூப்பையும் எடுத்தார்கள். ஆனால் நாக்கு செத்துப்போயிருந்தது. உப்பு, காரம், இனிப்பு எதுவும் தெரியவில்லை. எச்சிலும் ஊறவில்லை. எதை வாயில் வைத்தாலும் "மண்ணு மாதிரி இருக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். மாதக்கணக்கில் அப்படித்தான். உடம்பு பாதியாகிவிட்டது. அடுத்த முறை வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் மறுபடி டியூப் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி, அதற்கு முன் ஒரு நாளும் நின்றதில்லை.

அதனால்தான் கிளப்பிக்கொண்டு போனேன். அவர் ஆசைப்பட்ட ஊரில், ஆசைப்பட்ட சாப்பாட்டைப் பார்த்தாலாவது நாக்கு விழித்துக்கொள்ளாதா என்ற நப்பாசை. சாமியிடம் வேண்டிக்கொண்டு போகவில்லை. சாமியோடு நான் அப்போது பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தேன்.

சனிக்கிழமை காலை விழுப்புரத்தில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் ரூம் எடுத்து, டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து மாவைக் கரைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் டம்ளர் காலி. மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் டிபன். அவருக்கு ஒரு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து அதை உள்ளே தள்ளினார். பிறகு இலையை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ சாப்டு. சாப்ட்டு எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லு."

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா? எதுல நல்லா இருக்குது? சாம்பார்ல எது தூக்கலா இருக்குது, சொல்லேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பசிக்குச் சாப்பிடுகிற நாக்கு எனக்கு. மல்லி வாசனை வருது, பருப்பு நல்லா வெந்திருக்கு என்று ஏதோ உளறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சாப்பிடுவது? ஆனால் நான் நிறுத்தினால் அவர் கண்ணைத் திறந்துவிடுவார். அதனால் சாப்பிட்டேன்.

அன்றைக்கு முழுக்க இப்படியேதான் போனது. மதியம் ஒரு மெஸ்ஸில் மீன் குழம்பு. சாயங்காலம் தள்ளுவண்டியில் ஆவி பறக்க வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொன்றாக உரித்து அவர் வாயில் வைப்பேன். மென்றுவிட்டுத் தலையை ஆட்டுவார், இல்லை என்று.

இடையில் டவுன் பஸ் பிடித்துத் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனோம். பழைய சிவன் கோயில். அங்கே வட்டப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் சும்மா விடாது என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் நம்பிக்கை. பங்காளித் தகராறு, திருட்டுக் குற்றம் என்று வழக்கை எடுத்துக்கொண்டு வந்து அங்கே சத்தியம் செய்வார்களாம். எனக்குத் திடீரென்று தோன்றியது, கேட்டுவிட்டேன்.

"இங்க நின்னு சொல்லுங்க. காலையில குடுத்த மாவுக் கஞ்சிய குடிச்சீங்களா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோயிலுக்கு வந்து வம்பு பண்ணாத" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பேசின்ல ஊத்திட்டேன்" என்றார். "தெனமும் அப்படித்தான் ஊத்திக்கினு இருக்கேன். முடியல. நீ கலந்து குடுக்கறப்ப உன் மூஞ்சியப் பாத்து வாணாம்னு சொல்லவும் முடியல. டியூப்பு மட்டும் வாணாம்னு நீ டாக்டராண்ட சொல்லு. பட்டினியா போய்ச் சேந்தாலும் பரவால்ல."

சண்டை போடுவேன் என்று நினைத்திருப்பார். நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பிரகாரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கும்பிட வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ராத்திரி லாட்ஜில், ஊருக்கே திரும்பிவிடலாம் என்றேன். அவர்தான் பிடிவாதமாக, "திண்டிவனம் பாக்கி இருக்குது. ரெண்டு ஊரும்னுதான சொன்னேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டோம். மயிலம் மலை முருகனைப் பார்த்துவிட்டு, திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் இறக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. மயிலத்தில் அவர் மட்டும் சன்னதிக்குப் போனார். நான் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

திருவக்கரையில் ஒரு காலத்தில் மரமாக இருந்தவை கல்லாகிக் கிடக்கின்றன. பட்டை தெரிகிறது, முடிச்சு தெரிகிறது, உள்வளையம்கூடத் தெரிகிறது. தொட்டால் கல். வெயிலில் அவர் ஒரு மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "பாக்கறதுக்கு மரம் மாதிரியே இருக்குதில்ல? என் நாக்கும் இப்படித்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கப் பிடிக்கவில்லை. கிளம்பலாம் என்று ஆட்டோவைப் பார்த்து நடந்தேன்.

திண்டிவனம் ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தெருவை மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மைக் செட் காதைப் பிளந்தது. வேப்பிலைத் தோரணம், மஞ்சள் தண்ணீர், மாரியம்மன் கோயில் வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஓர் அண்டா. கூழ் வார்த்தல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் தலையில் குடத்தோடு வந்து, அவரவர் வீட்டுக் கூழை அந்த ஒரே அண்டாவில் கொட்டினார்கள். எல்லா வீட்டுக் கூழும் கலந்த பிறகுதான் அம்மனுக்குப் படையல், அப்புறம்தான் ஊற்றுவது.

"ஆடி ஞாயித்துக்கெழமைன்னா இதே பேஜாருதாம்மா" என்று ஆட்டோக்காரர் அலுத்துக்கொண்டார். "ரிவர்ஸ் எடுக்கறேன், சுத்து வழியில ஜல்தியா போயிரலாம்."

அதற்குள் ஓர் அம்மா கையில் செம்போடு வண்டி முன்னால் வந்து நின்றுவிட்டார். என்னைவிடக் கொஞ்சம் சின்ன வயதாக இருக்கும். நெற்றியில் பொட்டில்லை, விபூதிதான்.

"எங்க போறீங்க? எங்க தெருப்பக்கம் வந்தவங்க ஒரு வாயி குடிச்சிட்டுத்தான் போவணும். கூழ் குடிக்காம வண்டிய உட மாட்டோம்."

ஆட்டோக்காரர் ஒரு செம்பு வாங்கிக் கடகடவென்று குடித்தார். நான் குடித்தேன். என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மன் கூழை மறுக்கக் கூடாது என்பதற்காக, பையிலிருந்து தன் டம்ளரை எடுத்து நீட்டினார். ஒரு வாய் உறிஞ்சினார். முகம் சுளித்தது. இன்னொரு வாய் உறிஞ்சினார். பிறகு, கரகரத்துப்போன அந்தத் தொண்டையில், ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

மைக் செட்டில் பாட்டு மாறுகிற நேரம். தெருவே கேட்டுவிட்டது. யார் வீட்டு விருந்தில் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், ஆத்தா கூழில் சொல்லலாமா? குடத்தோடு நின்ற பெண்களில் ஒருவர் சட்டென்று முன்னால் வந்தார். "இன்னாங்க இது, சாமிக்கு ஊத்தற கூழப் போய் இப்படிப் பேசறீங்க? இஷ்டம் இல்லன்னா குடிக்காம போவலாமில்ல?"

நானும் பதறி, மன்னிச்சிக்கோங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிடப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது.

"ஏங்க, இன்னா சொன்னீங்க?"

"புளிக்குதுன்னேன். மாவு ரெண்டு ராத்திரி புளிச்சிருக்குது." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. டம்ளரையே பார்த்தார். மறுபடி ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "புளிக்குதும்மா" என்றார். இந்த முறை மெதுவாக, என்னிடம் மட்டும்.

நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்ட பெண்ணே வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். விக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். இத்தனை மாதத்தில் இவர் வாயிலிருந்து வந்த முதல் ருசி இதுதாம்மா, புளிப்புதாம்மா என்றேன்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பந்தலில் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அண்டாவில் கொட்டியது போக வீட்டில் மிச்சம் வைத்திருந்த கூழை ஆளுக்கொரு செம்பில் எடுத்து வந்துவிட்டார்கள். "எங்க வூட்டுது புளிக்காது, இத குடிச்சிப் பாருங்கண்ணே." "அதெல்லாம் விடுங்க, எங்களுது மோர் ஊத்துனது." கோபித்துக்கொண்ட பெண்ணும் ஒரு செம்போடு வரிசையில் நின்றார்.

என் கணவர் பரிசு கொடுக்க வந்த நீதிபதி மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்தார். இதில் புளிப்பு சரியாக இருக்கிறது என்றார். அதில் உப்பு லேசாகத் தெரிகிறது, ஆனால் போதாது என்றார். மூன்றாவதில் நொய்யரிசி சரியாக வேகவில்லை, பல்லில் தட்டுகிறது என்றார். சொன்ன ஒவ்வொரு குறைக்கும் அந்தப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அது தெரியவில்லை, காரம் வாயை எரித்ததுதான் மிச்சம். புளிப்பும் கொஞ்சம் உப்பும்தான். அது போதும் என்று இருந்தது எனக்கு.

முதலில் வண்டியை மறித்த அந்த அம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் வைத்த இடம் கறுத்துப்போய் இருக்கும். நான் கை கழுவப் போனபோது கூடவே வந்து தண்ணீர் ஊற்றினார்.

"எங்க வூட்டுக்காரருக்கும் கழுத்து இப்படித்தாங்கா கறுத்துப்போச்சு" என்றார்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"இல்லக்கா. போய்ட்டாரு."

அவரே பேசினார்.

"அவரு பொழைச்சா வருஷா வருஷம் கூழ் ஊத்தறேன்னு ஆத்தாவுக்கு வேண்டிக்கினு இருந்தேன். பொழைக்கல. மொத வருஷம் தீட்டு, ஊத்தக் கூடாது. ரெண்டாவது வருஷம் கோவம். நீ ஒண்ணும் குடுக்கல, நான் எதுக்கு ஊத்தணும்னு கதவச் சாத்திக்கினு உள்ள படுத்துக்கினேன். வெளிய குடம் குடமா கொட்டற சத்தம் கேக்குது. என் வூட்டுக் கூழு அதுல இல்லன்னு குடிக்கறவங்க யாருக்கும் தெரியப்போறதில்ல. எனக்கு மட்டும் தெரிஞ்சிது. அன்னைக்கி ராவெல்லாம் தூக்கமே இல்லக்கா."

"அதனால இந்த வருஷம் ஊத்திட்டீங்களா?"

"சாமிக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். வெயில்ல வந்து நிக்கறவங்க இன்னா பண்ணாங்க?" என்றார். முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டார். "ரெண்டு ராத்திரி புளிக்க வெச்சது நான்தான். பழக்கம் உட்டுப்போச்சி. அதுகூட நல்லதாத்தான் போச்சி, இல்ல?"

திண்டிவனத்தில் நாங்கள் வேறெதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கேப்பை மாவும் நொய்யும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கூழ்தான். புளிப்பு பத்தலை, புளிப்பு ஏறிடுச்சு, கட்டி தட்டிடுச்சு என்று அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. அத்தனையும் எனக்குத் தேன். டாக்டர் எடை பார்த்தபோது குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. டியூப் வேண்டாம் என்றார். உப்பு முழுசாக வந்தது, பிறகு கசப்பு வந்தது, காரமும் ஓரளவு பழகியது. இனிப்பு மட்டும் கடைசிவரைக்கும் சரியாக வரவில்லை.

கடைசிவரைக்கும் என்று எழுதிவிட்டேன். ஆமாம், மறு வருடம் ஆடிக்கு இருவரும் அந்தத் தெருவுக்குப் போவதாகத்தான் பேசிவைத்திருந்தோம். அதற்குள் நோய் நுரையீரலில் திரும்பி வந்துவிட்டது. அந்த மறு வருடத்து ஐப்பசியில் போய்விட்டார். மூக்கில் டியூப் இல்லாமல்தான் போனார். அதற்கு இரண்டு நாள் முன்புகூட, நான் வைத்த ரசத்தில் புளி அதிகம் என்றார்.

போன வருடம் ஆடியில் எனக்குத் தீட்டு. இந்த வருடம் ஊற்றலாம். எனக்கும் சாமி மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு வருடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த வருடத்தை அந்த அம்மா எனக்கும் சேர்த்துக் கழித்துவிட்டதாகத் தோன்றியது.

விடிய எழுந்து கூழ் காய்ச்சி, பெரிய தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "திண்டிவனம்லாம் எறங்கு" என்று யாரோ ஒரு சின்ன வயது கண்டக்டர் கத்தினபோது மட்டும் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. தெருவில் அதே பந்தல், அதே அண்டா. அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, அண்டா பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். தூக்கின் ஒரு பக்கத்தை அவர் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகச் சேர்ந்து கொட்டினோம். எல்லாக் கூழோடும் என் கூழும் கலந்தது.

வேண்டுமென்றே மாவை இரண்டு ராத்திரி புளிக்க வைத்திருந்தேன். அதைக் குடித்துவிட்டு யாராவது ஒருவர் முகம் சுளித்து, புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லமாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை ஊற்றிக்கொண்டிருந்தேன். இனி ஒவ்வொரு ஆடிக்கும் அப்படித்தான் நிற்பேன்.